மாவக்காவின் முறை

தண்ணீர் வாரிய அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்கு நாலு நாற்காலிகள் ஒரே நாளில் வந்து இறங்கின. மூன்று இன்னும் புதிதாகவே இருக்கின்றன. நாலாவது எட்டே மாதத்தில் கால் ஆட்டம் கண்டுவிட்டது. அது அவளுடையது. தொலைபேசியில் யாரோ, மூன்று நாளாகக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். "சரிங்க, எழுதிக்கிட்டேங்க" என்பாள் இவள். கீழே பாதங்கள் இரண்டும் மேசையின் குறுக்குச் சட்டத்தை விரல்களால் கவ்வுவதும் விடுவதுமாகத் தம் போக்கில் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் போய்ச் சுவரோரம் தலைகீழாக நிற்பாள். ஒருமுறை தலைமை எழுத்தர் ஏதோ தேடி அந்தக் கதவைத் திறந்தார். அவர் முகத்துக்கு நேராக இரண்டு உள்ளங்கால்கள் நின்றன.

"நீங்க நேரா ஆனப்புறம் வரேம்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

"ஊர்ல ரெண்டாவது மாடிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது. இந்தப் பொண்ணுக்கு மட்டும் காலே மேல ஏறுது," என்றார் பக்கத்து மேசை அண்ணன். ஒரு வாரம் அந்த அலுவலகத்துக்கு அதுதான் பேச்சு.

வயது இருபத்தாறு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. பத்து ஆண்டுகளாக நாட்டின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருக்கிறாள். ஒன்பது வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய் வந்தாயிற்று. ஒன்பது அடையாள அட்டைகள், பெயரும் படமுமாக, வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்குகின்றன. கதவைத் திறந்தால் சலசலவென்று பேசும். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றில்கூட அவள் எந்தக் கருவியிலும் ஏறியதில்லை.

கேட்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் அப்பாவுக்கு வாய் வலித்துவிடும். அணியில் ஐந்து பேர். ஓடி வந்து எம்பித் தாண்டும் வால்ட், மேலொன்றும் கீழொன்றுமாக இருக்கும் இரட்டைக் கம்பி, ஒடுங்கிய உத்தரம் போன்ற பீம், தரை என்று நாலு கருவிகள். ஒவ்வொன்றிலும் நாலு பேர்தான் ஏறலாம். ஆக, ஒவ்வொரு தடவையும் ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். நாலு கருவிகளிலும் வெளியே நிற்பவளாக ஒருத்தி அமைந்துவிட்டால் பயிற்சியாளருக்குத் தலைவலி இல்லை. அந்த ஒருத்தி இவள். உடையணிந்து, உடம்பைச் சூடேற்றி, மணிக்கட்டில் துணி சுற்றி, தோல் கைப்பட்டையை இறுக்கி, எப்போதும் தயாராக நிற்கிற ஐந்தாவது ஆள்.

சின்ன வயதிலேயே இருப்புக் கொள்ளாத பிள்ளை. அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அம்மா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் விரிப்புகள் மடிப்பவள். இருவருக்கும் முறை மாற்றி முறை வேலை. ஒருவர் தூங்கும் நேரத்தில் இவள் கட்டிலிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து ஜன்னல் கம்பிக்கும் போய்வந்துகொண்டிருப்பாள். கீழ் வீட்டுக்காரி படியேறி வந்து, "வீட்ல என்ன, பீப்பாய் உருட்டறீங்களா?" என்று கேட்டாள். அம்மா அலமாரியின் உச்சியைக் கைகாட்டினாள். அங்கே பீப்பாய் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தது.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை ஜிம்னாஸ்டிக்ஸ் கூடமாக மாற்றியிருந்தார்கள். இரவு முறை முடித்த ஒரு காலையில் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக அங்கே போனார்.

"மேடம், இவள ஒரு ரெண்டு மணி நேரம் வச்சுக்கங்க. நான் கொஞ்சம் தூங்கணும்."

லட்சியம், கனவு என்றெல்லாம் பேட்டிகளில் சொல்வார்கள். அவளுடைய விளையாட்டு வாழ்க்கை ஓர் ஓட்டுநரின் தூக்கத்திலிருந்து தொடங்கியது.

மேடம் அப்போது முழங்கால் உடைந்து போட்டிகளை விட்டிருந்த புதிது. பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார், கீழ்க் கம்பியில் தொங்கவிட்டார். இரண்டு நிமிடம் கழித்து இறக்கப் போனால் பிள்ளை இறங்க மறுத்துவிட்டது. தரையில் நிற்கும்போது எப்போதும் எங்கோ போகத் துடிக்கிற அந்த உடம்பு, கம்பியில் தொங்கும்போது மட்டும் அடங்கிக் கிடந்தது. கூடத்திலிருந்த மற்றப் பெண்களுக்குக் கம்பி என்றால் பயம். உள்ளங்கைத் தோல் உரியும், இடுப்பெலும்பில் நீலம் பாரிக்கும். இவளுக்கு அதுதான் வீடு.

பதினாறு வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம். அங்கேதான் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது ஆளாக ஓரத்து இருக்கையில் உட்காரச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். ஆறாவது நிமிடம் எழுந்துவிட்டாள். கை பரபரத்தது. கம்பியின் பக்கத்தில் மாவுக் கிண்ணம் இருந்தது. வழுக்காமலிருக்கக் கையிலும் கம்பியிலும் பூசும் வெள்ளைத் தூளை அவள் கூடத்துப் பெண்கள் மாவு என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் பீய்ச்சும் குப்பி, மாவு ஒட்டிப் பிடிக்கத் தேன் குப்பி, பழைய பூச்சைச் சுரண்டும் தூரிகை எல்லாம் அங்கேயே இருந்தன. முன்னால் ஏறியவள் விட்டுப்போன பூச்சைச் சுரண்டிவிட்டு, அடுத்து ஏறப்போகும் பழைய கேப்டனுக்காகத் தேனும் தண்ணீரும் தடவி, மேலே மாவு அப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பழைய கேப்டன் ஏறி ஆடி இறங்கி வந்து, மூச்சு வாங்கக் கேட்டாள்: "யாருடி போட்டது? கம்பி என் கையப் பிடிச்சுக்குது."

அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையதாயிற்று. ஒவ்வொருத்திக்கும் ஒரு பதம். உள்ளங்கை உலர்ந்தவளுக்கு ஒரு சொட்டுத் தேன் போதும். நீளக் கைக்காரிக்குக் கம்பியின் நடுவில் மட்டும் கனமாக. தும்பி என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுக்கு வியர்வைக் கை. "அவ உள்ளங்கையில நம்ம ஆபீஸ் குழாய் வைக்கலாம். தண்ணி நிக்காம வருது," என்பாள் இவள். தும்பிக்குத் தேன் இரண்டு சுற்று, தண்ணீர் லேசாக, அதன்மேல் மாவு, மறுபடி தேன், மறுபடி மாவு. அப்பம் மாதிரிக் கனக்க வேண்டும். இவளுக்கோ தேனே ஆகாது. கம்பியை மரம் தெரியச் சுரண்டி, ஒரு பீய்ச்சல் தண்ணீர், ஒரு கை மாவு, அவ்வளவுதான். கம்பி கையைப் பிடிக்கக் கூடாது, கைதான் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஆனால் அந்தப் பதத்தைக் கூடத்தில் விடியற்காலைப் பயிற்சியில் போட்டுக்கொள்வாளே தவிர, போட்டியில் போட அவசியமே வந்ததில்லை.

சின்னப் பெண்கள் மாவக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பா பணிமனையில் பெருமையாகச் சொல்லுவார்: "எம் பொண்ணு உலகம் முழுக்கச் சுத்தி மாவு பெசஞ்சிட்டு வரா." சும்மா உட்கார முடியாமல் அவள் செய்யப்போன வேலை, கடைசியில் அவளைப் பத்து வருடம் சும்மா உட்கார வைத்துவிட்டது.

இது அவளுக்கே தெரிய வந்தது போன ஆண்டுத் தேர்வின்போதுதான். உலகப் போட்டிக்கு அணி எடுக்கும் கூட்டம். வராந்தாவில் ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக அவள் நின்றிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

"நாலு பேர் சரி. அஞ்சாவது யாரு?" என்றார் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துக்காரர். "உங்க கூடத்துல கம்பி நல்லா ஆடற சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்காமே."

"மாவு போடறவ இல்லன்னா பசங்களுக்குக் கம்பியில கையே ஓடாது சார்," என்றார் இப்போது அணிக்கே பயிற்சியாளராகிவிட்ட மேடம். "இந்த ஒரு தடவை அவளே வரட்டும். அடுத்த தடவையில இருந்து சின்னவங்கள எடுத்துக்கலாம்."

அவள் நாடாவைக் கட்டி முடித்தாள். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் உள்ளே போய்க் கேட்டிருப்பாள். நேராகப் போய் அப்பா ஓட்டுகிற பேருந்தில் ஏறினாள். பாதி இருக்கைகள் காலி. அவள் ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணாடியில் பார்த்தார்.

"உக்காரு."

"உக்காந்துட்டேதான்ப்பா இருக்கேன், பத்து வருஷமா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் தேவைக்கு அதிகமாகவே பிரேக்கை அழுத்தினார்.

அதன் பிறகு அவளுக்கு ஒரே எண்ணம்தான். ஒரே ஒரு தடவை. ஏறச் சொல்லும் பச்சை விளக்கு தனக்காக எரிய வேண்டும், நடுவரைப் பார்த்துத் தான் கை தூக்க வேண்டும், பலகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் எண் வர வேண்டும். இதுவே கடைசி வாய்ப்பு. விடியற்காலை நாலரைக்கே கூடத்துக்குப் போனாள். அலுவலகத்தில் கைக்குள் ரப்பர்ப் பந்தை வைத்துப் பிசைந்துகொண்டே புகார் எழுதினாள். எழுத்து கோணிற்று. ஒரு தெருவில் குழாய் உடைந்ததை இன்னொரு தெருவுக்கு எழுதி, தோண்டப் போனவர்கள் திரும்பி வந்து அவளைப் பார்த்த பார்வையைப் பக்கத்து மேசை அண்ணன் இன்றும் நடித்துக் காட்டுவார்.

கிளம்புகிற அன்று அம்மா, "டிவில வருவியா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்பதுதான். போன தடவை ஒளிபரப்பு முழுதும் பார்த்துவிட்டு, "மூலையில உன் முழங்கை தெரிஞ்சுது. அது உன்னோடதுதான், எனக்குத் தெரியாதா," என்று தீர்ப்புச் சொன்னவள்.

"வந்தா சொல்றேம்மா."

"முழங்கைன்னாலும் பரவால்ல. கொஞ்சம் முன்னாடி வந்து நில்லு."

அரங்கம் விமானக் கொட்டகை மாதிரி இருந்தது. தகுதிச் சுற்று. எல்லா நாடுகளும் ஆடி முடித்தபின் முதல் எட்டு அணிகள் இறுதிக்குப் போகும். இவர்கள் நாடு இதுவரை எட்டுக்குள் வந்ததில்லை. இந்தத் தடவை வரலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பீமில் ஆரம்பித்து, தரை, வால்ட் என்று போய், கம்பியில் முடிகிற வரிசை. பீம் நன்றாகப் போயிற்று. தரையில் கடைக்குட்டியான சுண்டு, பதினாறு வயதுக்காரி, அரங்கையே கைதட்ட வைத்தாள். வால்ட்டில் தும்பி ஓடி வந்து, எம்பி, சுழன்று, இறங்கினாள். இறங்கிய சத்தமே சரியில்லை. வலது கணுக்கால் உள்பக்கமாக மடிந்திருந்தது.

மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். தும்பி உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தாள். மேடம் மாற்று ஆளுக்கான தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். திரும்பியவர் அவளைப் பார்த்தார். முதல் தடவை பார்ப்பது போல இருந்தது.

"கம்பியில மூணாவதா நீ போற. பட்டையக் கட்டு."

"கட்டித்தான் மேடம் இருக்கு."

பத்து வருடமாகக் கட்டித்தான் இருந்தது.

வரிசை இதுதான். முதலில் ரெட்டைச்சுழி, அடுத்து கேப்டன், மூன்றாவது இவள், கடைசியில் சுண்டு. நாலு பேர் ஆடினாலும் மூன்று பேரின் எண்தான் அணிக்குச் சேரும். ஒருத்தி சொதப்பினால் அதைக் கழித்துவிடலாம். அதனால் முதலில் அவளுக்குப் பெரிய பயம் இல்லை. ரெட்டைச்சுழிக்கு ஒரு சொட்டுத் தேன் பதம் போட்டுக் கொடுத்தாள். தலையில் இரண்டு சுழி உள்ள அந்தப் பெண் நன்றாகவே தொடங்கி, மேல் கம்பிக்குத் தாவும் இடத்தில் கை நழுவிக் கீழே விழுந்தாள். மறுபடி ஏறி முடித்து வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். கழிக்க வேண்டிய எண் அது என்று ஆகிவிட்டது. இனி மற்ற மூன்று பேரும் நிற்க வேண்டும். ஒருத்திகூட விழக் கூடாது.

கேப்டன் ஆடும்போது அவள் பார்க்கவில்லை. கண் கம்பியில் இருந்தது, மனசு தன் ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. தாவல், முழுச் சுற்று, பிடி விட்டுப் பறந்து மறுபடி பிடிப்பது, கீழ்க் கம்பி, மறுபடி மேலே, இறக்கம். கேப்டன் ஆணி அடித்து வைத்தாற்போல இறங்கி நின்றாள். கைதட்டல்.

மேடம் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "நான் போடட்டுமா? நீ மூச்ச விடு."

"வேணாம் மேடம். உங்களுக்கு என் பதம் தெரியாது. நான் பாத்துக்கறேன்."

உண்மைதான். மேடத்துக்கு மட்டுமல்ல, அந்த அணியில் யாருக்கும் அவள் பதம் தெரியாது. யாரும் கேட்டதில்லை. நடுவர்கள் கேப்டனின் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மேடைமேல் ஏறினாள். மனசு பச்சை விளக்கில் இருந்தது. கை தன் வேலையைத் தொடங்கியது. இரண்டாவது ஆள் இறங்கினால் மூன்றாவது ஆள். அந்த இடத்தில் என்ன செய்வது என்று கைக்குத் தெரியும். தேன், தண்ணீர், மாவு. தேன், மாவு. கட்டைவிரலால் அழுத்தம். முப்பது நொடியில் முடிந்தது, பிசகில்லாத வேலை. கீழே இறங்கி, பட்டையில் மாவைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

கை தூக்கினாள். அந்த ஒரு கணம் அவள் நினைத்திருந்தது போலவே இருந்தது. தூரத்தில் ஒரு நடுவர் தலையசைத்தார். யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண், அவளைப் பார்த்து மட்டும் தலையசைத்தார்.

கீழ்க் கம்பியில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே பூச்சு மெலிது. மேல் கம்பிக்குப் போய் முதல் முழுச் சுற்றிலேயே உள்ளங்கை சொல்லிவிட்டது. இது உன் கம்பி இல்லை. கம்பி அவளைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் தோல் கைப்பட்டை கரகரவென்று பிய்ந்து பிய்ந்து வந்தது, ஈரச் சேற்றிலிருந்து கால் எடுப்பது போல. இரண்டாவது சுற்றில் அவளுக்குப் புரிந்துவிட்டது. தும்பியின் பதம். மூன்றாவது ஆளுக்கான பதம். மூன்று வருடமாக அந்த வரிசையில், அந்த இடத்தில், அந்தக் கை தும்பிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தது. இன்றும் தும்பிக்கே போட்டுவிட்டது.

நினைக்க நேரமில்லை. பறக்கும் இடம் வந்தது. விட்டாள். கை விட்டது, கம்பி விடவில்லை. கண் சிமிட்டும் நேரத் தாமதம். அதனால் பறக்க வேண்டிய உயரம் பறக்கவில்லை. கம்பி நெஞ்சுக்கு மிக அருகில் வந்துவிட்டது. முழங்கை மடங்க எட்டிப் பிடித்தாள். பிடித்தது அவள் கையா, தும்பியின் தேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. தன் பதத்தைப் போட்டிருந்தால் அந்தத் தாமதமே நேர்ந்திருக்காது. ஆனால் நேர்ந்தபின் அப்படிப்பட்ட பிடியில் வழுக்காமல் நின்றது தேனால்தான்.

வேகம் முழுக்கச் செத்துவிட்டது. சுற்றுக்குப் போக உந்துதல் இல்லை. செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. நீளமாகத் தொங்கி, எந்த வித்தையும் இல்லாமல், சும்மா ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடினாள். வெற்று ஆட்டம் என்று அதற்குப் பெயர். அதற்கு அரைப் புள்ளி, அவர்கள் கணக்கில் பத்தில் ஐந்து, போய்விடும். ஆறு வயதில் இறங்க மறுத்துத் தொங்கினாளே, அதே ஆட்டம். மூன்று நொடி இருக்கும். பிறகு வேகம் வந்தது. மிச்சத்தை முடித்தாள். இறங்கும்போது ஒரு காலடி நகர்ந்தது. நின்றாள். கை தூக்கினாள்.

விழவில்லை. மேடம் அவள் முதுகில் தட்டினார். "படபடப்பு. முதல் தடவை அப்படித்தான் இருக்கும்," என்றார்.

கேப்டன் அப்படி விடவில்லை. ஆடியவளுக்குச் சத்தம் தெரியும். "மேல் கம்பி கரகரன்னுச்சே. அவ்வளவு தேன யாரு போட்டது அக்கா?"

"நான்தான்."

"யாருக்கு?"

அவள் ஓரத்தில் பனிக்கட்டிப் பையோடு கால் நீட்டிக் கிடந்த தும்பியைக் காட்டினாள். தும்பி தலையைத் தூக்கினாள்.

"எனக்கா போட்டீங்க அக்கா?" என்றவள், அழுகைக்கு நடுவே சிரிக்க ஆரம்பித்தாள். "நான்தான் இங்க படுத்திருக்கேனே."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. சுண்டு அடுத்து ஏற வேண்டும், கம்பியில் அப்பம் அப்படியே இருக்கிறது. "நீ உக்காரு, நான் பண்றேன்," என்று மேடம் சொல்லச் சொல்ல அவள் மேடைமேல் ஏறிவிட்டாள். சுரண்டினாள். மாவு முகத்தில் பறந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு கைக்கும் வாய்விட்டுச் சொன்னாள்: "இது சுண்டுவுக்கு. இது சுண்டுவுக்கு." பலகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் எண் வந்தபோது அவள் முதுகு பலகைப் பக்கம் இருந்தது. சுண்டு பார்த்துச் சொன்னாள்: "பன்னெண்டு புள்ளி மூணு. அக்கா, வந்துடுச்சு."

சுண்டு சுத்தமாக ஆடி முடித்தாள். அவர்கள் முறை முடிந்தபோது அணி ஆறாவது இடத்தில் இருந்தது. ஆனால் மறுநாள் மாலை வரை வேறு நாடுகள் ஆட வேண்டியிருந்தது.

அந்த மறுநாளை அவள் படிக்கட்டுகளில் கழித்தாள். பார்வையாளர் வரிசையில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இவள் மேல் படிக்கும் கீழ்ப் படிக்கும் ஏறி இறங்கினாள். ஏழாவது ஆனார்கள். எட்டாவது ஆனார்கள். கடைசிக் குழு தரையில் முடித்தபோது பலகை ஒருமுறை கண் சிமிட்டி மாறியது. ஒன்பது. எட்டாவது அணிக்கும் இவர்களுக்கும் நடுவே பத்தில் இரண்டு.

பத்தில் இரண்டு. வெற்று ஆட்டத்துக்குப் போனது பத்தில் ஐந்து. கூட்டல் தெரிந்தவர்கள் எல்லோரும் கூட்டிவிட்டார்கள்.

விடுதிக்குப் போகும் பேருந்தில் அவள் நின்றுகொண்டே வந்தாள். திடீரென்று கேப்டன் ஆரம்பித்தாள். "நான் பீம்ல தடுமாறுனேன். பத்துல மூணு."

"நான் தரையில கோட்டத் தாண்டுனேன். பத்துல ஒண்ணு," என்றாள் சுண்டு. "வால்ட்ல காலு ரெண்டு தடவ நகர்ந்துச்சு. அதையும் சேர்த்துக்கோங்க."

"நான் வால்ட்ல கணுக்காலையே கழிச்சுட்டேன்," என்றாள் தும்பி.

ரெட்டைச்சுழி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "சில்லறை எல்லாம் கொண்டு வராதீங்கடி. நான் முழுசா விழுந்தேன். ஒரு முழுப் புள்ளி. யாரும் என் பக்கத்துல வர முடியாது."

அவள் மேல் கம்பியைப் பிடித்த கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "நான் தும்பிக்குப் போட்டேன்," என்றாள். மேடம் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். இறங்கும்போது அவள் பக்கத்தில் நின்று, "உன் பதம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றார்.

"நான் சொல்லியிருக்கணும் மேடம்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனை வேலை வீட்டுக்கும் வந்துவிடும் கை அது. இருக்கிற நாலு விரிப்புகளையும் பிரித்துப் பிரித்து மறுபடி மடிப்பாள். அவளைப் பார்த்ததும் தொலைக்காட்சிப் பக்கம் தலையாட்டினாள்.

"பாத்தேன். முழுசா வந்தே. தலையில இருந்து கால் வரைக்கும்."

"ம்."

"கீழ் வீட்டுக்காரியையும் கூப்பிட்டேன். பீப்பாய் பறக்குது, வந்து பாருன்னு."

அவள் அடையாள அட்டையைக் கழற்றி அலமாரிக் கதவில் மாட்டினாள். பத்தாவது.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் அம்மா. "எல்லாம் படபடன்னு போச்சு. எனக்கு ஒண்ணும் பிடிபடல. நடுவுல ஒரு தடவ நீளமாத் தொங்கி சும்மா ஆடுனியே, அது என்னது? அது ஒண்ணுதான் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது. அழகா இருந்துச்சு."

அவள் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அட்டைகள் சலசலத்துக்கொண்டிருந்தன.

"அது தப்பும்மா."

"இருக்கட்டும்," என்றாள் அம்மா, விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே. "அடுத்த தடவ அத எடுத்துடாத."

அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறதா என்று அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாவது இடம் இனி சின்னவர்களுக்கு. அந்தக் கதவு மூடிவிட்டது. மிச்சம் இருப்பது முதல் நாலு இடங்கள். அதற்கான தேர்வு யாருக்கும் திறந்ததுதான், ஏழு மாதத்தில் வருகிறது. அன்று ராத்திரி அவள் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாள். காலை முழுக்கக் கூடத்தில் இருக்க, ஏழு மாதத்துக்கு மதிய முறை வேண்டும் என்று. மறுநாள் தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "அப்போ தலைகீழா நிக்கறது இனிமே சாயங்காலமா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த நாள் காலை ஐந்தரைக்குக் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மேடம் விரிப்பு மெத்தைகளை இழுத்துக்கொண்டிருந்தார். சுண்டு பட்டையைக் கட்டிக்கொண்டு கம்பிக்கு வந்து, வழக்கம் போல ஓரமாக நின்று காத்திருந்தாள்.

அவள் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பழைய தேன், பழைய மாவு, யார் யாருடைய பதமோ எல்லாம் கருத்த தோலாக உதிர்ந்து மெத்தைமேல் விழுந்தது. மரம் தெரிந்தது. ஒரு பீய்ச்சல் தண்ணீர் அடித்தாள்.

"அக்கா, எனக்குத் தேன் போடலியா?"

"இரு," என்றாள் அவள், கிண்ணத்திலிருந்து ஒரு கை மாவை எடுத்துக்கொண்டே. "முதல்ல என்னோடது."